ஓசை கேட்டு நோய் அறிதல்



1816-ஆம் ஆண்டு பாரிஸ் மாநகரில் ரெனே லெனெக் என்னும் மருத்துவர் ஓர் இளம்பெண்ணின் இதய நோயை ஆராய வேண்டியவரானார். மார்பின்மீது நேரே காதை வைத்துக் கேட்க நாணம் தடுத்தது. ஆகவே அவர் ஒரு தாளை இறுகச் சுருட்டிக் குழலாக்கி, ஒரு முனையை நோயாளியின் மார்பிலும் மறுமுனையைத் தம் காதிலும் வைத்தார். இதயத்தின் ஓசை முன்னினும் தெளிவாகக் கேட்டது. இன்று மருத்துவர் கழுத்தில் தொங்கும் ஸ்டெதாஸ்கோப் இவ்வாறுதான் பிறந்தது. உடலை அறுத்துப் பாராமலே உள்ளே நிகழ்வதை ஓசையால் அறியலாம் என்பதை அது மருத்துவ உலகுக்குக் கற்பித்தது.

மனித உடலுக்குப் பொருந்தும் இம்முறை, மனிதன் செய்த இயந்திரங்களுக்கும் பொருந்தும். தேர்ந்த மெக்கானிக் பலர் இன்றும் இத்தகைய கருவியைப் பெட்டியில் வைத்திருக்கின்றனர். இம்மாதம் நாம் ஆராயப் புகும் பொருள், பழைய பிக்கப் வண்டியின் தானியங்கிக் கியர்பெட்டி எழுப்பும் விபரீத ஓசைகளும், அவற்றைக் கொண்டு குறையின் இருப்பிடத்தைக் காணும் முறையுமாகும்.

இப்பொருள் முதன்மையாக அமெரிக்க நாட்டுக்கு உரியது. கன்சாஸ், டெக்சாஸ், நெப்ராஸ்கா முதலிய மாநிலங்களின் நாட்டுப்புறங்களில் பேருந்து என்பது அரிது. வைக்கோல் கட்டும் மரமும் கருவிகளும் ஏற்றவும், முப்பது மைல் தொலைவிலுள்ள மருத்துவமனைக்குச் செல்லவும் பிக்கப் வண்டியே துணை. இருபது முப்பது ஆண்டு கடந்த ஃபோர்டு, செவ்ரோலே, டாட்ஜ் வண்டிகள் இன்றும் அங்கே உழைத்து வருகின்றன. தமிழகத்திலிருந்து சென்று அந்நாட்டுச் சிற்றூர்ப் பங்குகளில் பணியாற்றும் குருக்களும், அங்கே குடியேறிய நம் குடும்பங்களும் இவ்வண்டிகளை ஓட்டுவதுண்டு. ஒரு நாள் காலை வண்டியின் அடியிலிருந்து இனந்தெரியாத ஓசை எழும்போது அவர்கள் உள்ளத்தில் எழும் அச்சம் சிறிதன்று. ஏனெனில் இத்தகைய கியர்பெட்டியைக் கழற்றிப் புதுப்பிக்கும் செலவு, பல வேளைகளில் அப்பழைய வண்டியின் விலையையே எட்டிவிடும். ஓசைக்குக் காரணம் சில ரூபாய்க்குச் சமமான ஒரு போல்ட்டாகவும் இருக்கலாம். உள்ளே உடைந்த பற்சக்கரமாகவும் இருக்கலாம். இரண்டையும் வேறுபடுத்தி அறிவதில்தான் ஓர் ஏழைக் குடும்பத்தின் ஓராண்டுச் சேமிப்பு அடங்கியிருக்கிறது.

பெட்டிக்குள் நடப்பது என்ன?

ஓசையின் பொருளை உணர வேண்டுமாயின், ஓசையிடும் உறுப்பின் தொழிலைச் சற்றேனும் அறிதல் வேண்டும்.

பெருமளவில் உற்பத்தியாகி விற்பனைக்கு வந்த முதல் முழுத் தானியங்கிக் கியர்பெட்டி, ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஹைட்ரா-மேட்டிக் ஆகும். 1940-ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் அது பொருத்தப்பட்டது. ஆயினும் அதன் அடிப்படைக் கருத்து அதற்கு முப்பத்தைந்து ஆண்டு மூத்தது. ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர், கப்பலின் டர்பைனிலிருந்து விசிறிக்குத் திரவத்தின் வழியாகவே சுழற்சியைக் கடத்தலாம் எனக் கண்டு, 1905-ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார்.

இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் சுழல விட்டால், அதன் காற்று மற்றொன்றையும் மெல்லச் சுழற்றுவதைக் காணலாம். காற்றுக்குப் பதில் ஆயிலை நிரப்பி, இரண்டையும் ஒரே உருண்டைக் கூட்டினுள் அடைத்தால் அதுவே டார்க் கன்வெர்ட்டர். என்ஜினோடு சேர்ந்து சுழல்வது ஒரு சக்கரம். கியர்பெட்டியைச் சுழற்றுவது மற்றொரு சக்கரம். இவ்விரண்டுக்கும் நடுவே நின்று, திரும்பி வரும் ஆயிலை நெறிப்படுத்தி வலிமையைப் பெருக்குவது ஸ்டேட்டர் எனப்படும் மூன்றாம் சக்கரம்.

கன்வெர்ட்டரை என்ஜினோடு இணைப்பது ஃபிளெக்ஸ் பிளேட் எனப்படும் மெல்லிய எஃகுத் தட்டு. கன்வெர்ட்டரின் பின்கழுத்து ஆயில் பம்பைச் சுழற்றுகிறது. அதன் பின்னே கோள் பற்சக்கரத் தொகுதிகள் உள்ளன. நடுவில் கதிரவனைப்போல் ஒரு பற்சக்கரமும், அதனைச் சுற்றிவரும் சிறு பற்சக்கரங்களும், யாவற்றையும் சூழ்ந்த ஒரு பல்வளையமுமாக அவை அமைந்திருத்தலின் அப்பெயர் வழங்குகிறது. ஆயிலின் அழுத்தத்தால் இயங்கும் கிளட்சுகளும் பட்டைகளும் இவற்றுள் ஒன்றை நிறுத்தியும் மற்றொன்றைப் பிணைத்தும் வெவ்வேறு கியர்களை உண்டாக்குகின்றன.

சான்றாகச் செவ்ரோலே பிக்கப் வண்டிகளில் பெரிதும் வழங்கிய ஒரு வகையைக் கொள்வோம். 1982-ஆம் ஆண்டு மாடல்களில் 700ஆர்4 என்ற பெயரில் அறிமுகமாகி, 1990-இல் 4எல்60 எனப் பெயர் மாறி, 1993 முதல் மின்னணுக் கட்டுப்பாட்டுடன் 4எல்60-இ என வெளிவந்த கியர்பெட்டி அது. அதன் முதற் கியரில் என்ஜின் 3.06 முறை சுழன்றால் வெளித்தண்டு ஒருமுறை சுழலும். இரண்டாம் கியரில் 1.63, மூன்றாம் கியரில் ஒன்றுக்கு ஒன்று, நான்காம் கியரில் 0.70. இவற்றுள் மூன்றாம் கியரை நினைவில் கொள்க. அப்போது கோள் தொகுதிகள் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டு, ஒரே கட்டையாகச் சுழல்கின்றன. பற்கள் ஒன்றன்மீது ஒன்று உருள்வதில்லை. இச்சிறு செய்தி பின்னர் நமக்குப் பெருந்துணை புரியும்.

மூன்று கேள்விகள்

ஓசை எவ்வாறு இருக்கிறது என்பதைக் காட்டிலும், எப்பொழுது எழுகிறது என்பதே முதன்மையான கேள்வி. "கிர்" என்றும் "கொர்" என்றும் ஒலியை விவரித்தால் கேட்போர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பொருள் கொள்வர். காலமும் நிலையுமோ ஐயத்திற்கு இடமின்றி வழிகாட்டும். எனவே ஒரு தாளை எடுத்து, பின்வரும் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுக.

முதலாவது: வண்டி நிற்கையில், பார்க் அல்லது நியூட்ரலில் இருக்கையில், ஓசை கேட்கிறதா? என்ஜின் வேகத்தோடு அதுவும் ஏறி இறங்குகிறதா?

இரண்டாவது: பிரேக்கை அழுத்தியவண்ணம் டிரைவுக்கோ ரிவர்சுக்கோ மாற்றும்போது ஓசை தோன்றுகிறதா, மறைகிறதா, மாறுகிறதா?

மூன்றாவது: ஓடும்போது எந்தக் கியரில் கேட்கிறது? அது என்ஜின் வேகத்தைப் பின்பற்றுகிறதா, அல்லது சாலையில் செல்லும் வேகத்தைப் பின்பற்றுகிறதா?

இச்சோதனைகளுக்கு முன் ஓர் எச்சரிக்கை. பார்க் நிலையில் வண்டியைப் பிடித்து நிறுத்துவது உள்ளே ஒரு சிறு இரும்புக் கொக்கி மட்டுமே. ஆகவே கைப்பிரேக்கைப் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வைத்த பின்னரே எதையும் தொடங்குதல் வேண்டும். என்ஜின் ஓடுகையில் வண்டிக்கு முன்னோ பின்னோ எவரும் நிற்கலாகாது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் நுழைவது உயிரோடு விளையாடுவதாகும். உறுதியான தாங்கிகள் இன்றியமையாதவை.

முதலில் ஆயில்

எந்த ஓசையாயினும் முதற்சோதனை ஆயில் அளவே. காசு செலவில்லாத இச்சோதனையைச் செய்யாமலே கியர்பெட்டியைக் கழற்றச் சொல்பவரிடம் வண்டியை ஒப்படைத்தல் ஆகாது.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டுச் சூடேறச் செய்து, கியர் பிடியை ஒவ்வொரு நிலையிலும் சற்றே நிறுத்தி, மீண்டும் பார்க்குக்குக் கொணர்ந்து, என்ஜின் ஓடும்போதே அளவுகோலை உருவிப் பார்க்க வேண்டும். ஃபோர்டு, செவ்ரோலே ஆகியவற்றுக்கு இதுவே முறை. பழைய டாட்ஜ் வண்டிகளிலோ பார்க்குக்குப் பதில் நியூட்ரலில் வைத்துப் பார்த்தல் வேண்டும். ஆயில் சூடானால் விரிவடையும். குளிர்ந்த நிலையில் பார்த்த அளவு நம்மை ஏமாற்றும். குறைவு எவ்வளவு தீங்கோ, மிகுதியும் அவ்வளவு தீங்கு. மிகுதியான ஆயிலைச் சுழலும் பற்சக்கரங்கள் கடைந்து நுரையாக்கும். நுரையை இறைக்கும் பம்பு முனகும்.

நிறத்தையும் மணத்தையும் நோக்குக. தெளிந்த சிவப்பு நலத்தின் அடையாளம். கரும்பழுப்பு நிறமும் தீய்ந்த நாற்றமும் கிளட்சுப் பட்டைகள் வெந்துபோனதைக் காட்டும். பால் கலந்தாற்போன்ற இளஞ்சிவப்பு யாவற்றினும் கொடியது. கியர்பெட்டி ஆயில் ரேடியேட்டரின் உள்ளே ஒரு குழாய் வழியே சென்று குளிர்ந்து திரும்புகிறது. அக்குழாய் துருப்பிடித்து ஓட்டையானால் ரேடியேட்டர் நீர் ஆயிலில் கலந்துவிடும். நீர் பட்ட கிளட்சுப் பட்டைகளின் பசை விட்டுப்போகும். இந்நிறத்தைக் கண்டவுடன் என்ஜினை நிறுத்துதல் வேண்டும்.

எந்த ஆயிலை ஊற்றுவது என்பதிலும் கவனம் தேவை. ஃபோர்டு வண்டிகளுக்கு முன்னாளில் டைப் எஃப், பிற்காலத்தில் மெர்கான் என வெவ்வேறு வகைகள் குறிக்கப்பட்டன. ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளுக்கு டெக்ஸ்ரான். 2005-இல் வெளியான டெக்ஸ்ரான்-6 ஆயிலை முந்திய டெக்ஸ்ரான் வகைகளுக்குப் பதிலாக ஊற்றலாம் என அந்நிறுவனமே அறிவித்துள்ளது. அந்தந்த வண்டியின் கையேடு சொல்வதே சட்டம்.

இவ்விடத்தில் பலர் அறியாத ஒரு வரலாற்றையும் கூறலாம். 1970-களின் தொடக்கம்வரை இவ்வாயிலில் ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெய் சேர்க்கப்பட்டது. கிளட்சுகள் அதிர்வின்றிப் பற்றுவதற்கு அதற்கு நிகரான பொருள் அன்று இல்லை. 1970-இல் அமெரிக்க அரசு அத்திமிங்கிலத்தை அழியும் நிலையிலுள்ள உயிரினமாக அறிவித்தபின் அவ்வெண்ணெயின் வரவு நின்றது. மாற்றாக வந்த ஆயில்களுள் ஒன்று குளிர்விக்கும் குழாயின் பற்றாசை அரித்ததால், அரிப்பைத் தடுக்கும் பொருள் சேர்த்து மீண்டும் புதிதாக ஆக்க வேண்டியதாயிற்று. ஒரு கியர்பெட்டி ஓசையின்றி இயங்குவதற்காக ஆழ்கடலின் பேருயிர் ஒன்று மடிந்து வந்தது என்பதும், அதனை விடுவிக்கவும் மனிதனுக்கு வழி கிடைத்தது என்பதும் சிந்திக்கத்தக்கன.

ஓசைகளும் அவற்றின் பொருளும்

1. எல்லா நிலையிலும் கேட்கும் முனகல். பார்க், நியூட்ரல், டிரைவ், ரிவர்ஸ் எதிலும் கேட்டு, என்ஜின் வேகத்தோடு உயரும் மெல்லிய ஊளை பம்பைச் சுட்டும். என்ஜின் ஓடும்வரை பம்பும் ஓடுதலே காரணம். எனினும் பம்பு கெட்டது என முடிவு கட்டலாகாது. ஆயில் குறைந்தாலும், வடிகட்டி அடைத்துக்கொண்டாலும், காற்று புகுந்தாலும் நல்ல பம்பும் அழும். அண்மையில் ஆயிலும் வடிகட்டியும் மாற்றிய பின்னரே இவ்வோசை தொடங்கியதாயின், வடிகட்டியின் கழுத்திலுள்ள ரப்பர் வளையத்தை ஐயுறுக. பழைய வளையத்தை எடுக்காமல் அதன்மேல் புதியதைப் பொருத்துவதும், வளையம் வளைந்து நிற்பதும் நிகழக்கூடியவை. அவ்விடைவெளி வழியே பம்பு காற்றை உறிஞ்சும்.

பவர் ஸ்டியரிங் பம்பும் ஆல்டர்னேட்டரும்கூட இதே குரலில் முனகும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஓசை மிகுந்தால் குற்றம் அதனுடையது. ஐயம் தீரவில்லையெனில், என்ஜினின் முன்பக்க பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடத்துக்கும் குறைவாக ஓடவிட்டுக் கேட்கலாம். அப்போது நீர்ப்பம்பும் நின்றுவிடுமாதலின் அதற்குமேல் ஓடவிடலாகாது. ஓசை மறைந்ததெனில் கியர்பெட்டி குற்றமற்றது.

2. நின்றபடி கியரில் இருக்கையில் மட்டும் கேட்கும் ஓசை. நியூட்ரலில் அமைதி, பிரேக்கை அழுத்தி டிரைவில் போட்டால் உறுமல். இது டார்க் கன்வெர்ட்டரின் உட்பேரிங்குகளைச் சுட்டும். காரணம் எளிது. நியூட்ரலில் கன்வெர்ட்டரின் இரு சக்கரங்களும் ஏறத்தாழச் சேர்ந்தே சுழல்கின்றன. வண்டியைப் பிரேக்கால் நிறுத்திக் கியரில் போட்டால் ஒன்று நிற்க மற்றொன்று சுழல்கிறது. இடையிலுள்ள பேரிங் அப்போதுதான் உழைக்கிறது. உழைக்கும்போதுதானே வலி தெரியும்! இச்சோதனையில் ஆக்சிலரேட்டரை மிதிக்கலாகாது. சில நொடிகளே போதும்.

3. இரும்பில் இரும்பு தட்டும் ஓசை. என்ஜின் மெதுவாக ஓடுகையில் கொல்லன் பட்டறைபோல் "டொக், டொக்" என எழும் ஓசை, கேட்போரைப் பெரிதும் மருட்டும். கேட்டவுடன் என்ஜினின் கனெக்டிங் ராடு பேரிங் தேய்ந்ததென்று எண்ணி, என்ஜினையே இறக்கினோர் உளர். ஆனால் ஃபிளெக்ஸ் பிளேட்டில் ஏற்பட்ட வெடிப்பும், அதனைக் கன்வெர்ட்டரோடு இணைக்கும் போல்ட்டுகளின் தளர்ச்சியும் அதே ஓசையை எழுப்பும்.

கன்சாஸ் மாநிலத்தின் ஒரு சிற்றூரில் பணிபுரியும் குரு நண்பர் ஒருவர் இதனைத் தம் மடலில் விவரித்திருந்தார். அவருடைய பழைய பிக்கப் வண்டி தட்டத் தொடங்கியது. ஒரு பட்டறையில், கியர்பெட்டி முழுவதையும் மாற்ற வேண்டுமெனக் கூறி, அவர் வண்டி வாங்கிய விலையினும் மிகுந்த தொகையைக் கேட்டனர். முடிவெடுக்க இரண்டு நாள் தவணை கேட்டுத் திரும்பினார். அவ்வூர் முதிய உழவர் ஒருவர் வண்டியைக் கேட்டார். நியூட்ரலிலும் டிரைவிலும் மாற்றிக் கேட்டார். கியரில் போட்டதும் தட்டல் தன்மை மாறுவதைக் கவனித்தார். பின்னர் அடியிலிருந்த தகரமூடியைக் கழற்றி, என்ஜினைக் கையால் சிறிது சிறிதாகச் சுழற்றி, ஒவ்வொரு போல்ட்டாகச் சாவியால் தொட்டுப் பார்த்தார். மூன்றனுள் இரண்டு தளர்ந்திருந்தன. தட்டில் வெடிப்பு எதுவும் இல்லை. புதிய போல்ட்டுகளைக் குறித்த இறுக்கத்தில் முடுக்கியதும் வண்டி அமைதியுற்றது. அந்தப் பட்டறையார் வேண்டுமென்றே பொய் கூறினர் எனக் கொள்ள வேண்டியதில்லை. மூடியைக் கழற்றிப் பார்க்கும் கால் மணி நேரத்தை அவர்கள் செலவிடவில்லை, அவ்வளவே. ஆயினும் அக்கால் மணி நேரத்தின் விலை ஒருவருடைய சேமிப்பு முழுவதுமாக ஆகியிருக்கும்.

ஐயம் நீடித்தால் மற்றொரு வழியும் உண்டு. என்ஜினின் ஒவ்வொரு சிலிண்டருக்கும் செல்லும் மின்பொறியை ஒன்றன்பின் ஒன்றாக மெக்கானிக் தடுத்துப் பார்ப்பார். ராடு பேரிங் தேய்ந்திருந்தால், அந்தச் சிலிண்டரின் முறை வரும்போது பெரும்பாலும் தட்டல் தணியும். எதைத் தடுத்தாலும் தணியாத தட்டல், பின்பக்கத்தை நோக்கச் சொல்கிறது.

4. சில கியர்களில் மட்டும் கேட்கும் ஊளை. முதல் இரண்டு கியர்களில் கேட்டு, மூன்றாம் கியரில் திடீரென மறைந்து, நான்காம் கியரில் மீண்டும் தோன்றும் ஓசை கோள் பற்சக்கரத் தொகுதியின் குரலாகும். மூன்றாம் கியரில் அவை ஒரே கட்டையாகச் சுழல்வதை முன்னரே கண்டோம்; உருளாத பல் ஓசையிடாது. ரிவர்சிலும் அது கேட்டால் ஐயம் உறுதிப்படும். இது பெட்டியைத் திறந்தே தீர வேண்டிய நோய்.

5. பாலத்தின் ஓரத்து வரிகள்மீது ஓடுவதுபோன்ற நடுக்கம். மணிக்கு 40 அல்லது 50 மைல் வேகத்தில் சீராகச் செல்கையில் சில நொடிகள் வண்டி நடுங்கி ஓய்ந்தால், கன்வெர்ட்டரினுள் இருக்கும் பூட்டுக் கிளட்சு வழுக்குகிறது எனலாம். எரிபொருளைச் சிக்கனப்படுத்த, சீரான வேகத்தில் கன்வெர்ட்டரின் இரு சக்கரங்களையும் இது பூட்டிவிடும். நடுக்கத்தின்போது வலக்காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுக்காமல், இடக்காலால் பிரேக்கை மிக மெல்லத் தொடுக. பிரேக் விளக்கு எரியும் அளவுக்குத் தொட்டாலே பூட்டு விடுபடும். நடுக்கம் உடனே நின்றால் காரணம் அப்பூட்டு. பழைய ஆயிலை மாற்றுவதாலேயே இது சில வண்டிகளில் நீங்குவதுண்டு. நிற்காவிடில், என்ஜினின் ஸ்பார்க் பிளக்குகளையும் ஒயர்களையும் சோதிக்க வேண்டும். ஒரு சிலிண்டர் எரியத் தவறினாலும் இதே நடுக்கம் உண்டாகும்.

6. சாலை வேகத்தைப் பின்பற்றும் ஓசை. இது பெரும்பாலும் கியர்பெட்டியின் வெளித்தண்டிலோ அதற்கும் பின்னாலோ உள்ள குறையாகும். இதை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. சமமான, வெறிச்சோடிய சாலையில் ஒரே வேகத்தில் முதலில் நான்காம் கியரிலும், பின்னர் ஓவர்டிரைவை விலக்கி மூன்றாம் கியரிலும் செல்க. என்ஜினின் வேகம் மாறும். சக்கரத்தின் வேகம் மாறாது. ஓசையின் சுருதி மாறினால் அது என்ஜினையும் கியர்பெட்டியின் முற்பகுதியையும் சேர்ந்தது. சுருதி சற்றும் மாறவில்லையெனில் புரொப்பெல்லர் ஷாஃப்ட், டிஃபரன்ஷியல், சக்கர பேரிங் ஆகியவற்றை நோக்குக.

வேகம் ஏற்றும்போது ஒரு குரலும், ஆக்சிலரேட்டரை விட்டதும் வேறொரு குரலுமாக ஊளையிட்டால் டிஃபரன்ஷியல். வளைவில் ஒருபுறம் திரும்பும்போது மட்டும் உறுமல் மிகுந்தால் சக்கர பேரிங். மெதுவாகச் செல்கையில் எலி கீச்சிடுவதுபோன்ற ஓசையும், டிரைவிலிருந்து ரிவர்சுக்கு மாற்றுகையில் "டங்" என்ற அடியும் கேட்டால், ஷாஃப்ட்டின் யுனிவர்சல் ஜாயின்ட் கிராஸ் உலர்ந்து தேய்ந்துவிட்டது. பழைய வண்டிகளில் வேகமானிக்குச் செல்லும் கேபிள் உலர்ந்தாலும் டிக் டிக் என்னும். அப்போது வேகமானியின் முள்ளும் நடுங்கும். நான்கு சக்கரமும் இயங்கும் வண்டியாயின், கியர்பெட்டிக்குப் பின்னுள்ள டிரான்ஸ்ஃபர் பெட்டிக்குத் தனி ஆயில் உண்டு என்பதையும், அதனுள் இருக்கும் சங்கிலி தளர்ந்தால் சுமையேறும்போது அடிக்கும் என்பதையும் மறவற்க.

7. அற்பமான ஓசைகள். புகைக்குழாயின் தகரக்கவசம் ஆடுவதும், குளிர்விக்கும் குழாய் சட்டத்தில் உரசுவதும், கியர்பெட்டியைத் தாங்கும் ரப்பர் மெத்தை கிழிந்திருப்பதும் பெருநோய்போல் வேடமிடும். என்ஜினை நிறுத்தி, யாவும் ஆறிய பின், கையால் ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தால் இவ்வேடம் கலைந்துவிடும்.

தட்டின் அடியில் எழுதப்பட்ட சாட்சியம்

ஓசை உள்ளேயிருந்துதான் வருகிறது எனத் தேர்ந்தபின், பெட்டியைப் பிரிக்கும் முன் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. அடியிலுள்ள ஆயில் தட்டைக் கழற்றிப் பாருங்கள். அதனுள் ஒரு காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிறத்தில் மெல்லிய களிம்பு படிந்திருப்பது பல்லாண்டு உழைப்பின் இயல்பான தேய்மானம், அஞ்ச வேண்டியதில்லை. ஊசிபோன்ற எஃகுச் சிராய்கள் பேரிங்கின் அல்லது பற்சக்கரத்தின் அழிவைக் கூறும். பொன்னிறத் துகள்கள் வெண்கல புஷ்களும் வாஷர்களும் அரைபடுவதைக் கூறும். கரிய செதில்கள் கிளட்சுப் பட்டைகள் உதிர்வதைக் கூறும். இச்சாட்சியத்தை நீங்களே நேரில் காண வேண்டுமெனக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நேர்மையான மெக்கானிக் மகிழ்ந்து காட்டுவார்.

தட்டைக் கழற்றினாலும் எல்லா ஆயிலும் வடிவதில்லை. ஏறத்தாழப் பாதி கன்வெர்ட்டரிலேயே தங்கிவிடும். ஆதலால் ஒருமுறை மாற்றியதும் நிறம் முற்றும் தெளியவில்லையே என வருந்த வேண்டாம். அன்றியும், ஓசையை நிறுத்தும் என விளம்பரம் செய்யப்படும் புட்டி மருந்துகளை ஊற்றி நோயை மறைக்க முயலாதீர். உடைந்த பல்லை எந்தத் திரவமும் ஒட்டாது.

தொழிலாளியிடம் பேசும் முறை

"கியர்பெட்டி போய்விட்டது, பாருங்கள்" என்று சொல்லிக்கொண்டு பட்டறைக்குள் நுழைவது தவறு. அது நோயாளியே மருந்துச்சீட்டை எழுதுவதாகும். "நியூட்ரலில் ஓசை இல்லை, டிரைவில் போட்டு நிறுத்தினால் வருகிறது, ஆயில் அளவு சரியாக உள்ளது, மூன்று வாரங்களாக இருக்கிறது" என நீங்கள் கண்டதை மட்டும் கூறுங்கள். பின்னர் அவரை அருகில் அமர்த்தி, ஓசை எழும் நிலையில் வண்டியை ஓட்டிக் காட்டுங்கள். பெருஞ்செலவு எனில் மற்றொருவரின் கருத்தையும் கேளுங்கள். அதனால் முதல்வருக்கு இழுக்கு ஏதுமில்லை.

அதே வேளையில், காலம் தாழ்த்தவும் கூடாத குறிகள் உண்டு. பால்நிற ஆயில், தட்டில் எஃகுச் சிராய்கள், என்ஜின் ஓலமிட வண்டி நகராமை, நாளுக்கு நாள் வலுக்கும் இரும்புத் தட்டல் ஆகியவை தோன்றின் வண்டியை ஓட்டாமல் இழுத்துச் செல்வதே சிக்கனம். வெடித்த ஃபிளெக்ஸ் பிளேட் ஒன்றை மாற்றும் செலவு சிறிது. அது முற்றிலும் உடையும்வரை ஓட்டினால் பம்பும் கன்வெர்ட்டரும் உடன் அழியலாம்.

நம் நாட்டிலும் இன்று தானியங்கிக் கார்கள் பெருகிவிட்டன. அவற்றுள் டார்க் கன்வெர்ட்டர் கொண்டவற்றுக்கு இங்குக் கூறிய நெறிகள் பெரும்பாலும் பொருந்தும். சாதாரணக் கியர்பெட்டியைக் கருவி கொண்டு இயக்கும் வகையும், பெல்ட்டால் இயங்கும் வகையும் வேறு. அவற்றுக்கு இக்கணக்கு ஆகாது.

வாசகர்களே, ஓசையைக் கேட்பது எளிது, கேட்டவுடன் தீர்ப்புக் கூறாமல், "எப்பொழுது? எந்நிலையில்? எதனோடு மாறுகிறது?" என வினவிக்கொண்டு மீண்டும் கேட்பதே அரிது. வீட்டில் ஓயாது முணுமுணுக்கும் முதியவரையும், திடீரெனச் சினந்து கதவைச் சாத்தும் இளைஞனையும் இவ்வாறு கேட்டறிவோர் நம்முள் எத்தனை பேர்? பெருங்குறை எனத் தோன்றியது, இரண்டு போல்ட்டுகளின் தளர்ச்சியாக இருந்துவிடக்கூடும். உண்மையிலேயே பெருங்குறையாயினும், இருப்பிடம் தெரிந்த குறைக்கே மருந்து உண்டு. ஆகவே அளவுகோலை உருவிப் பாருங்கள். தாளில் மூன்று கேள்விகளையும் எழுதிக்கொள்ளுங்கள். பணப்பையைத் திறப்பதற்கு முன் காதைத் திறவுங்கள்.